கை மாறிய காப்பி

9 ஜூன் 2023, வெள்ளி

கட்டு மாற்றும் நாள், காய்ச்சல், என்ன சாப்பிட்டாள் என்பதையெல்லாம் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். கீழே மருந்துக்கடையில் நோட்டு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். பாதி வருஷம் போய்விட்ட டைரி ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள்.

மிதுளா, மூன்று வயது. வயிற்றின் இடப்பக்கம், இடது தொடை, இடது முன்கை. போன ஞாயிற்றுக்கிழமை கரூரில் கல்யாணம் முடிந்து திருப்பூர் திரும்பும் வழியில், வெள்ளக்கோவில் தாண்டி ஒரு காப்பிக் கடையில் காரை நிறுத்தினோம். காகிதக் கப்பின் மூடி கழன்று காப்பி அவள் மேல் கொட்டிவிட்டது. டாக்டருக்கு இவ்வளவு போதும்.

இன்று கட்டு மாற்றினார்கள். நனைத்துத்தான் பிரிக்கிறார்கள், ஆனாலும் ஒட்டிக்கொண்டு வருகிறது. அவள் என்னைக் கூப்பிடவில்லை. "அப்பா, அப்பா" என்றே அலறினாள். அவர் வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். உள்ளே வர அவரால் முடியவில்லை. நான்தான் கைகளைப் பிடித்துக்கொண்டேன்.

காய்ச்சல் 101. அரை இட்லி.

12 ஜூன்

காய்ச்சல் இல்லை. தயிர்ச் சோறு நாலு வாய். கம்பெனியில் ஷிப்மென்ட் வேலை என்பதால் அவரால் கோவை ஆஸ்பத்திரிக்கு வர முடியவில்லை. பனியன் கம்பெனியில் ஜூன் மாதம் எப்போதும் இப்படித்தான்.

20 ஜூன்

தொடைப் புண் தானாக மூடாதாம். தோல் எடுத்து ஒட்டவேண்டும் என்கிறார்கள். வலது தொடையிலிருந்து எடுப்பார்களாம்.

"அந்தக் கால் நல்லாத்தானுங்களே இருக்குது" என்றேன். அசட்டுப் பேச்சு.

"நல்லா இருக்கற எடத்துலதாம்மா எடுக்க முடியும்" என்றார் டாக்டர், பொறுமையாக.

சம்மதப் படிவத்தில் என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார். தாயும் போடலாம் என்று நர்ஸ் சொன்னாள். அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

22 ஜூன்

ஆபரேஷன் முடிந்தது. விழித்ததும் தண்ணீர் கேட்டாள்.

5 ஜூலை

வீட்டுக்கு வந்துவிட்டோம். பார்க்க வருகிறவர்கள் முதலில் அவளைப் பார்க்கிறார்கள், பிறகு என்னைப் பார்க்கிறார்கள். "எப்படி ஆச்சு அம்மிணி?" என்று என்னிடம் கேட்டாலும் பதில் அவர்தான் சொல்கிறார். "கலா மடியில வெச்சிருந்தா. கப்பைப் புடிச்சா, மூடி கழண்டுருச்சு." எல்லாரிடமும் இதே வார்த்தைகள். நான் அந்த நேரம் சமையலறையில் இருப்பேன். வந்தவர்களுக்கு மோர்தான் கொடுக்கிறேன். யாரும் காப்பி கேட்பதில்லை.

கூட்டுறவு வங்கியில் லீவை நீட்டித்துத் தரச் சொல்லி மேனேஜருக்குப் போன் செய்தேன். "கலாமணி, நீங்க குழந்தையைப் பாருங்க" என்றார். நல்ல மனுஷன். அந்த வாக்கியத்தில் தவறாக நினைக்க ஒன்றும் இல்லை.

22 ஜூலை

அவர் வழக்குப் போடப் போகிறார். நுகர்வோர் ஆணையத்தில். வக்கீல் பரிமளா அம்மாவைப் பார்க்க இருவரும் போனோம். மிதுளாவைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தேன்.

பரிமளா அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். போட்டோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்கள்.

"காப்பின்னா சூடாத்தான் இருக்கும், அது எல்லாத்துக்கும் தெரியும்னு கடைக்காரங்க சொல்லுவாங்க" என்றார்கள். "சுடும்னு தெரியும், சரி. தோலைக் கழட்டிட்டுப் போற சூடுன்னு வாங்கறவங்களுக்கு எப்படிங்க தெரியும்? அதைத்தான் நாம கேக்கோணும். அந்தச் சூட்டுக்கு அந்தக் கப்பு ஆகுமா, அந்த மூடி நிக்குமா, இது கடை பாக்க வேண்டிய வேலை. சரி, கப்பை யாரு யாருகிட்டக் குடுத்தாங்க?"

நான் வாயைத் திறந்தேன். "நான் தனியா வந்து எல்லாத்தையும் விவரமாச் சொல்றனுங்க" என்றார் அவர். "பாப்பா தேடுவா. இவளை மொதல்ல அனுப்பிரலாம்."

ஆட்டோ பிடித்து வந்துவிட்டேன். மிதுளா தேடவில்லை. பக்கத்து வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

9 ஆகஸ்ட்

இறுக்க உடை வந்துவிட்டது. தழும்பு தடித்துப்போகாமல் இருக்க, குளிக்கும் நேரம் தவிர எப்போதும் போட்டிருக்கவேண்டும். இந்த வெயிலில் அவளுக்கு அரிப்புத் தாங்கவில்லை. சொறியக்கூடாது என்பதால் விசிறிக்கொண்டே இருக்கிறேன். கை மாற்றிக் கை விசிறினால் தூங்குகிறாள்.

அவர் பல்லடத்தில் இருக்கும் அத்தையிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். "இல்லம்மா, அவ வேணும்னா பண்ணுனா? கவனம் பத்தல, அவ்வளவுதான். அவளைக் குத்தம் சொல்லி என்ன ஆகப் போவுது."

எனக்காகத்தான் பரிந்து பேசுகிறார்.

14 செப்டம்பர்

விளையாட்டுப் பள்ளியில் மறுபடியும் சேர்த்திருக்கிறோம். கூட்டிவரப் போனபோது மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். மற்றக் குழந்தைகள் கையைப் பார்த்து என்ன என்று கேட்டார்களாம். "அம்மா காப்பிய என் மேல ஊத்திட்டாங்க" என்று சொன்னாளாம் மிதுளா. "சாதாரணமாச் சொன்னாங்க மேடம், அழவெல்லாம் இல்ல" என்றாள் மிஸ்.

குழந்தைக்கு அப்படி ஞாபகம் இருக்கிறது போல என்று சொல்லிவிட்டு வந்தேன். வழியில் அவளுக்குக் கொய்யாப்பழம் வாங்கிக் கொடுத்தேன். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள்.

4 நவம்பர்

சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வந்தாள். நாற்பது வயது இருக்கும். செருப்பை வெளியே விட்டுவிட்டு வாசலிலேயே நின்றாள். பேர் தவமணி, அந்தக் காப்பிக் கடையில் வேலை பார்த்தவள் என்றாள். கடைக்கு வந்த வக்கீல் நோட்டீஸில் எங்கள் விலாசத்தைப் பார்த்துக் கண்டுபிடித்து வந்திருக்கிறாள்.

அடிக்க வந்திருக்கிறாள் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அவள் உட்காரவே மாட்டேன் என்றாள்.

"பாப்பா எப்படிங்க இருக்குது?" என்று கேட்டாள். "அன்னைக்கு அது கத்துனது இன்னும் காதுல இருக்குதுங்க. நான்தான் குடத்துத் தண்ணியக் கொண்டாந்து ஊத்துனேன். உங்களுக்கு ஞாபகம் இருக்குதுங்களா?"

இருந்தது. யாரோ தண்ணீர் ஊற்றியது மட்டும். முகம் இல்லை.

"அதுக்கு முன்னால நான் கார்கிட்ட வரவே இல்லீங்களே அக்கா. உங்க வீட்டுக்காரர்தான் கவுண்டருக்கு வந்து ரெண்டு கப்பையும் எடுத்துட்டுப் போனாரு. நான் காருக்குக் கொண்டாந்து சன்னல் வழியா உங்க மடிமேல நீட்டுனேன்னு எழுதிக் குடுத்திருக்காருங்களாம். ஓனரு, 'காருக்கெல்லாம் கொண்டுபோகச் சொல்லி யாரு சொன்னது, நீயாப் போனே, உன்னாலதான் கேசு'ன்னு வேலைய விட்டு நிறுத்திட்டாருங்க. நான் போகலேன்னு அழுதேன். அவருக்கு யாரு மேலயாவது போட்டாச் சரிங்க."

எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். அது உண்மை. அவர் என்ன எழுதிக் கொடுத்தார் என்று நான் படித்ததே இல்லை.

"உங்களைத் திட்ட வரலீங்க" என்றாள். "பாப்பாவுக்கு நாயம் கெடைக்கட்டும். ஆனா நான் காருக்கு வந்தேன்னு மட்டும் சொல்லாதீங்க."

மிதுளா உள்ளேயிருந்து ஓடிவந்து என் பின்னால் நின்றுகொண்டு எட்டிப் பார்த்தாள். தவமணி அவள் கையைப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

5 நவம்பர்

நேற்று அவர் வந்ததும் கேட்டேன். சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்துதான் கேட்டேன்.

"ஆமா, அப்படித்தான் எழுதிருக்கறேன்" என்றார்.

"அந்தப் பொம்பளைக்கு வேலை போயிருச்சுங்க."

"நம்ம புள்ளைக்குத் தொடை போயிருச்சு. கடைக்காரன் ஆளு வெச்சு வாதாடறான். நான் வாங்கிட்டு வந்து குடுத்தேன்னு சொன்னா, 'காப்பி உங்க கைக்கு வந்தாச்சு, அதுக்கப்புறம் எங்களுக்குப் பொறுப்பு இல்ல, அப்பனும் ஆத்தாளுந்தான் கொட்டுனது'ன்னு திருப்பிருவான். உன்னையத்தான் சொல்லுவான். உன்னையக் காப்பாத்தத்தான் எழுதுனேன்."

என்னைக் காப்பாற்ற. தட்டைக் கழுவும்போது அந்த வார்த்தையை இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன்.

7 நவம்பர்

வங்கியில் அரை நாள் லீவு போட்டுவிட்டு, அவரிடம் சொல்லாமல் பரிமளா அம்மாவிடம் போனேன். தவமணி வந்ததைச் சொன்னேன். அவர் எழுதிக் கொடுத்திருந்ததை எடுத்து முன்னால் வைத்தார்கள்.

"தெரிஞ்சதுக்கப்புறம் அதைய வெச்சுக்கிட்டு நான் வாதாட முடியாது கண்ணு" என்றார்கள். "உன் வீட்டுக்காரர் சம்பத்தை வரச் சொல்லு. அவரே திருத்திக் குடுத்தார்னா மரியாதையாப் போயிரும். எனக்கு அதுல கோவம் என்னன்னு தெரியுமா? அந்தப் பொய் நமக்கு வேண்டவே வேண்டாம். யாரு கையில குடுத்தாலும் கழண்டு வர்ற மூடியப் போட்டுக் குடுத்தது கடைதான். கொண்டுபோய்க் குடிக்கத்தான காகிதக் கப்புல குடுக்கறாங்க. கை மாறத்தான் மாறும். காருக்குள்ள குழந்தை இருக்கத்தான் இருக்கும்."

பிறகு, "உன்னைய இதுவரைக்கும் யாராச்சும் கேட்டாங்களா, என்ன நடந்ததுன்னு?" என்றார்கள்.

இல்லை என்று தலையாட்டினேன். அவர்களும் கேட்கவில்லை. டீ வரவழைத்தார்கள். நான் ஆறட்டும் என்று வைத்துவிட்டு, அப்படியே மறந்து வந்துவிட்டேன்.

12 நவம்பர்

தீபாவளி. அவர் திருத்திக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதைத் தொடாமல் மூடியை மட்டும் வைத்து வாதாடுகிறேன் என்றார்கள் பரிமளா அம்மா. மிதுளாவுக்குப் பட்டாசு பயம். மடியில் வைத்துக்கொண்டு காதைப் பொத்திக்கொண்டேன். "அம்மா, ஊத்திராத" என்றாள். என் கையில் ஒன்றும் இல்லை.

8 ஜனவரி 2024

புது டைரி. வாய்தா.

19 பிப்ரவரி

கடைத்தரப்பு, தாயைக் குறுக்கு விசாரணை செய்யவேண்டும் என்று மனுப்போட்டு, அனுமதி கிடைத்துவிட்டது. மார்ச் 13.

அவர் இன்று சீக்கிரம் வந்தார். எனக்குப் பூ வாங்கிவந்தார். மிதுளா பிறந்த பிறகு வாங்கியதாக ஞாபகம் இல்லை. "அந்தப் பொம்பள கொண்டாந்து குடுத்தான்னு ஒத்த வார்த்தை சொன்னாப் போதும், கலா" என்றார். பூவைச் சாமி படத்துக்குப் போட்டேன்.

13 மார்ச்

ஆணையம் நான் நினைத்த மாதிரி இல்லை. பள்ளிக்கூட வகுப்பறை மாதிரி ஓர் அறை. மேலே மூன்று பேர். தலைவர் ஒரு பெண். கடைத்தரப்பு வக்கீல் சின்னப் பையன் மாதிரி இருந்தார், ரொம்ப மரியாதையாகப் பேசினார். என் வீட்டுக்காரர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பார்க்காமலே அது எனக்குத் தெரிந்தது.

"காப்பியைக் கடை ஊழியர் காரில் கொண்டுவந்து கொடுத்தாரா அம்மா?"

"இல்லீங்க."

வக்கீல் இதை எதிர்பார்க்கவில்லை. கையிலிருந்த தாளைப் புரட்டினார்.

"பிறகு யார் கொடுத்தது?"

"என் வீட்டுக்காரருங்க."

"காப்பி சூடாக இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியுமுங்க."

"தெரிந்தும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வாங்கினீர்கள். உங்கள் கவனக்குறைவுதானே காரணம்?"

"பொறுங்க, பாப்பாவைப் பின்னாடி உக்கார வெச்சுட்டு வாங்கிக்கறேன்னு சொன்னனுங்க."

"யாரிடம்?"

"அவருகிட்டத்தான்."

"அவர் என்ன சொன்னார்?"

"'புடி, கை சுடுது'ன்னாரு. சன்னல் வழியா நீட்டிட்டாருங்க. பாப்பா தலைக்கு மேல இருந்துச்சு கப்பு. புடிக்காம என்னங்க பண்றது? புடிச்சேன். கப்பு நசுங்குச்சு. மூடி தனியா வந்துருச்சு."

"பொறுங்க என்று நீங்கள் சொன்னது அவருக்குக் கேட்டதா?"

"தெரியலீங்க."

 தலைவர் அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு, "மூடியை யாரும்மா போட்டது?" என்று கேட்டார்கள்.

"கடையிலயே போட்டுத்தானுங்க குடுத்தாங்க. நாங்க தொறக்கவே இல்ல."

அவ்வளவுதான்.  அன்று நடந்ததை நான் இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. போன வருஷ டைரியைப் புரட்டிப் பார்த்தேன். அதிலும் எழுதியிருக்கவில்லை.

 அவர் வீட்டுக்கு முன்னால் என்னை இறக்கிவிட்டுவிட்டுக் கம்பெனிக்குப் போய்விட்டார்.

20 மார்ச்

அவர் பல்லடத்தில் அத்தை வீட்டில் இருக்கிறார். அங்கிருந்து கம்பெனி பக்கம் என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்து மிதுளாவைப் பூங்காவுக்குக் கூட்டிப் போகிறார். அவளுக்குத் தொடையில் தழும்பு இழுக்கிறது. ஊஞ்சலில் காலை நீட்டி ஆடச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.

2 ஏப்ரல்

தவமணி இப்போது ஒரு நூல் மில்லில் வேலை செய்கிறாள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, அதன் வாசலில் போய்க் காத்திருந்தேன். நடந்ததைச் சொன்னேன். "கேசு பேப்பர்ல இருந்து என் பேரு போயிருச்சுங்களா அக்கா?" என்று கேட்டாள். நீ காருக்கு வரவில்லை என்று நான் சொன்னது பதிவாகிவிட்டது என்றேன். கொஞ்ச தூரம் என்கூடவே நடந்து வந்தாள்.

"மூடி பத்தி நான் அங்க வந்து சாட்சி சொல்லட்டுங்களா?" என்றாள் திடீரென்று. "வேற எடத்துல மலிவா வாங்கி மாத்துனாங்க. கப்புக்குச் சேரவே சேராது. மேல உக்காந்திருக்கும், அவ்வளவுதான். எங்களுக்கே கையில கொட்டிருக்குது. ஓனருகிட்டச் சொன்னோமுங்க. இருக்கறது தீரட்டும்னாரு."

உனக்கு இதில் என்ன லாபம், எதற்கு அலையப் போகிறாய் என்று கேட்டேன்.

"எனக்கென்னங்க லாபம். அந்தத் தண்ணிய இன்னும் கொஞ்சம் வெரசா ஊத்திருக்கலாம்னு தோணிட்டே இருக்குது."

நடுரோட்டில் நின்று அழுதேன். அவள் என் பையை வாங்கி வைத்துக்கொண்டாள்.

11 ஜூன்

தவமணி சாட்சி சொன்னாள். சேலை புதிது. கடைசிவரை சொன்னதை மாற்றிப் பேசவில்லை. அவர் வந்திருந்தார். அவளைக் கடந்து போகும்போது தலையைக் குனிந்துகொண்டார். நம்முடைய கேஸில் நமக்கு இருந்த ஒரே சாட்சி, அவர் பழிபோட்ட பெண்தான் என்று பரிமளா அம்மா அவர் காதுபட எனக்குச் சொன்னார்கள்.

30 ஜூலை

கணுக்கால்வரை பாவாடை வேண்டும் என்கிறாள் மிதுளா. குட்டைப் பாவாடை போடமாட்டாளாம். நான்கு வயது.

19 செப்டம்பர்

தீர்ப்பு வந்துவிட்டது. பரிமளா அம்மா போனில் படித்துக் காட்டினார்கள். பொருந்தாத மூடியோடு, அவ்வளவு சூட்டில், மெல்லிய கப்பில் கொடுத்தது சேவைக் குறைபாடு. வாடிக்கையாளர் கைக்குப் போனதோடு கடையின் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. ஊழியர் மீது எந்தத் தவறும் இல்லை. தந்தை பொய்யாக வாக்குமூலம் கொடுத்தது கண்டிக்கத்தக்கது, அவசரத்தில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு, அந்த அளவுக்கு இழப்பீடு குறைக்கப்படுகிறது. மீதி குழந்தையின் பெயரில் வங்கியில் இருக்கும்.

"அடுத்த வரியக் கேளு கண்ணு" என்றார்கள். "'தாயின் தரப்பில் கவனக்குறைவு ஏதும் இருந்ததாக இந்த ஆணையம் கருதவில்லை.'"

மறுபடியும் படிக்கச் சொன்னேன். படித்தார்கள். முன்பின் தெரியாத மூன்று பேர் யோசித்து எழுதியிருக்கிறார்கள். ஒன்றே கால் வருஷம் ஆயிற்று.

மாலையில் மில்லுக்குப் போய்த் தவமணியிடம் சொன்னேன். சிரித்தாள். பழைய வேலைக்கு யாரும் அவளைக் கூப்பிடப் போவதில்லை. இங்கே பஞ்சுத் தூசியில் இருமிக்கொண்டே இருக்கிறாள்.

22 செப்டம்பர், ஞாயிறு

அவர் வந்தார். தீர்ப்பின் நகலைக் கொண்டுவந்திருந்தார். நான் மிதுளாவுக்குத் தொடையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். எதிரில் நாற்காலியில் உட்காராமல், கீழே தரையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் என் விரல்கள் தழும்பின் மேல் போய்வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டுச்சு" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"பொறுங்கன்னு நீ சொன்னது. எனக்குக் கேட்டுச்சு, கலா. கை சுட்டுது. எனக்குச் சுடுதேன்னுதான் பார்த்தேன்." நிறுத்தினார். "ஆஸ்பத்திரியில உள்ள வந்தா, அவ என்னையப் பார்த்து நீதான்னு சொல்லிருவாளோன்னு இருந்துச்சு."

நான் தேய்ப்பதை நிறுத்தவில்லை. ஏதாவது சொல்லவேண்டும் என்று எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன். பரவாயில்லை என்று சொல்ல வரவில்லை.  அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"அப்பா ஏம்மா அழுகறாங்க?" என்றாள் மிதுளா.

"அப்பாகிட்டயே கேளு கண்ணு" என்றேன்.

அவள் அவர் பக்கம் திரும்பினாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சாமி, அன்னைக்கு அம்மா ஊத்தல. அம்மா வேண்டாம்னாங்க. அப்பாதான் அவசரப்பட்டுக் குடுத்துட்டேன்."

அவள் அதைக் கொஞ்ச நேரம் யோசித்தாள். கோபமெல்லாம் இல்லை. நடந்ததை ஒருவர் தெரிந்துகொள்ளாமல் இருக்கிறாரே, அவருக்குச் சொல்லவேண்டுமே என்பது மாதிரி, எண்ணெய்க் காலை அவர் பக்கம் நீட்டினாள்.

"ரொம்பச் சுட்டுச்சுப்பா" என்றாள்.